எங்கே இருக்கிறது?

அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு நான்கு நாள் முன்பு, இயன்முறை மருத்துவர் என்னிடம் கேட்டார்: "வாக்கரை வைத்துக்கொண்டு படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் இவங்களால போக முடியுமா? வீட்ல வழி இருக்கா?"

வழி இல்லை. பாளையங்கோட்டையில் எங்களுடையது பழைய தெருவீடு. தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, அங்கணம், புறவாசல் என்று ரயில் பெட்டிபோல நீண்டு கிடக்கும். கழிப்பறை புறவாசலில். வாக்கருக்கு இரண்டடிக்கும் கொஞ்சம் கூடுதலான அகலம் வேண்டும். பட்டாசலில் அப்பாவின் மூன்று வருடச் செய்தித்தாள்கள், அண்ணன் பெங்களூருக்குப் போகும்போது விட்டுச்சென்ற கணினித்திரை, ஓடாத கிரைண்டர், பித்தளை அண்டா, கல்யாண வீடுகளில் கொடுத்த பிளாஸ்டிக் கூடைகள். இவற்றுக்கு நடுவே, உடம்பை ஒருக்களித்துக்கொண்டு போகிற ஒரு தடம் மட்டுமே இருந்தது. நாற்பது வருடமாக அம்மா அப்படித்தான் நடந்திருக்கிறாள். நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை.

கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு மதுரையிலிருந்து போனேன். கையில் பத்து நாள். வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி நான் கொஞ்சம் படித்திருந்தேன். பெண் எழுத்து பற்றிய ஒரு தாளுக்காக, அடுக்களையின் வரலாற்றை மாணவியருக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். அந்தப் படிப்பு எனக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல். எங்கள் ஊரில் வீட்டைச் சுத்தப்படுத்துவதற்கு ‘ஒதுங்க வைப்பது’ என்று பெயர். சாப்பிட்ட இடத்தை ஒதுங்க வை, ஏனத்தை ஒதுங்க வை என்பார்கள். ‘ஒதுக்குதல்’ என்றால் சீர்படுத்துதல். அதே சொல்லுக்கு விலக்கி வைத்தல் என்றும் பொருள். ஒதுக்குகிறவளும் ஒதுக்கப்பட்டவளும் ஒருத்தியே என்பதைத் தமிழ் எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது. இன்னொன்றையும் வகுப்பில் சொல்வேன். இல்லாள் என்றால் மனைவி, வீட்டுக்கு உரியவள். அதன் ஆண்பால்போலத் தோன்றும் ‘இல்லான்’ என்ற சொல்லுக்கு வீட்டுக்கு உரியவன் என்று பொருள் இல்லை. ஒன்றும் இல்லாதவன், ஏழை என்றே பொருள். வீடு என்னும் கடமை அந்த ஆண்பால் வடிவத்தில் இல்லை.

ஆனால் வீட்டை ஒழுங்கு செய்வது ஓர் அறிவுத்துறை, அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நூல்களாகவும் கல்லூரிகளாகவும் வளர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. 1841இல் கேத்தரின் பீச்சர் இல்லப் பொருளாதாரம் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 1869இல் தன் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து அமெரிக்கப் பெண்ணின் வீடு பற்றி இன்னொரு நூல் எழுதினார். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய அதே ஸ்டோவ்தான். பீச்சர் தன் சமையலறைக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது நீராவிக் கப்பல். இருநூறு பேருக்குச் சமைக்கிற கப்பல் சமையற்காரருக்குச் சின்னஞ்சிறு இடத்தில் எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வீட்டுப் பெண் மட்டும் ஏன் அலைய வேண்டும் என்று கேட்டார். மாவு வைக்கும் இடமும் மாவு பிசையும் பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். நியாயமான கேள்வி. ஆனால் பீச்சர் திருமணம் செய்துகொள்ளாதவர்; பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று வாதிட்டவர். வீட்டைப் பெண்ணின் ராஜ்யமாக உயர்த்திக் காட்டிவிட்டு, அதன் எல்லையையும் அவரே கோடு போட்டு வைத்தார்.

அதே 1869இல் அதே நாட்டில் வேறொரு பெண் வேறொன்றை முயன்று பார்த்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் மெலுசினா ஃபே பியர்ஸ் என்பவர் கூட்டுறவு இல்லப்பணிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகத் துவைத்துச் சமைத்துத் தைப்பதற்குப் பதிலாக, பெண்கள் ஓரிடத்தில் கூடி அந்த வேலைகளைச் செய்வது. அதற்கான கூலியைக் கணவன்மாரிடமிருந்து வசூலிப்பது என்பது அவருடைய திட்டம். சங்கம் 1871இல் மூடப்பட்டது. உறுப்பினர்களின் கணவன்மாரிடமிருந்து வந்த எதிர்ப்பு அதற்கு முக்கியமான காரணம். எழுபதுகளின் பெண்ணிய ஆய்வுகளுக்குப் பிறகுதான், குறிப்பாக டோலோரஸ் ஹேடன் 1981இல் எழுதிய நூலால், இந்தக் கதை பரவலாகத் தெரியவந்தது. பீச்சரின் வழி வென்றது; பியர்ஸின் வழி ஒதுக்கப்பட்டது. தனி வீடு, தனி அடுக்களை, தனி ஒருத்தி என்பதை மாற்றாமல், அந்த ஒருத்தியின் அலமாரியை மட்டும் சீராக்குவதே வீட்டு ஒழுங்கு என்றாகிவிட்டது.

1912இல் கிறிஸ்டின் ஃப்ரெடெரிக் ஒரு பெண்கள் பத்திரிகையில் தொடர் எழுதினார். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளியின் கையசைவைக் கடிகாரம் வைத்து அளந்து வேகப்படுத்தும் முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. அதை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவுவதில் மட்டும் தான் எண்பது தவறான அசைவுகள் செய்துவந்ததாகக் கண்டுபிடித்து எழுதினார். மேடை இடுப்புயரத்துக்கு இருக்கட்டும், பாத்திரம் நகரும் வரிசையில் சாமான்கள் இருக்கட்டும், எது எங்கே இருக்கிறது என்று அட்டைகளில் எழுதி வையுங்கள் என்றெல்லாம் சொன்னார். இன்று நாம் படிக்கும் ‘வீட்டைச் சீராக்க எளிய வழிகள்’ பலவும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் 1929இல் அதே ஃப்ரெடெரிக் இன்னொரு நூல் எழுதினார். அது பெண்களுக்காக எழுதியதில்லை. பெண்களுக்குப் பொருள் விற்கும் நிறுவனங்களுக்காக எழுதியது. பழையது தேய்வதற்கு முன்பே தூக்கிப்போட்டுப் புதியது வாங்கும் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்று அதில் வாதிட்டார். அலமாரியை அடுக்கச் சொன்ன கையே அலமாரியை நிரப்பவும் சொன்னது. வீட்டில் அடைசல் சேர்வதற்குப் பெண்ணின் சோம்பல்தான் காரணம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

லில்லியன் கில்பிரெத் பொறியியல் உலகத்தில் இயங்கியவர். 1915இல் முனைவர் பட்டம் பெற்றவர். கணவரும் அவருமாகத் தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லிவந்தார்கள். 1924இல் கணவர் இறந்தபோது வீட்டில் பதினொரு பிள்ளைகள். பெண்ணிடம் ஆலோசனை கேட்க நிறுவனங்கள் தயங்கின. பெண்ணுக்குச் சொல்ல உரிமை உண்டு என்று ஆண்கள் ஒப்புக்கொண்ட ஒரே இடமான சமையலறைக்கு அவர் திரும்பினார். ஸ்ட்ராபெரி கேக் ஒன்றைச் செய்ய ஆன 281 காலடிகளை, சாமான்களை மாற்றி வைத்தே 45 ஆகக் குறைத்துக் காட்டினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைக்கூடையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவின் உள்தட்டுகளும் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. அவருடைய வீட்டில் சமைத்தது பெரும்பாலும் வேலைக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும்.

வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ ஆறடி அகலம், பதினோரடி நீளம். ரயிலின் உணவுப்பெட்டிதான் முன்மாதிரி. பருப்பு, அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில் இழுப்பறை, புழு வராமலிருக்க. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. நாம் இன்று ‘மாடுலர் கிச்சன்’ என்கிறோமே, அதற்கு அதுதான் மூதாதை. அவர் கம்யூனிஸ்ட், ஹிட்லர் ஆட்சியை எதிர்த்ததற்காக 1941இல் கைது செய்யப்பட்டு, போர் முடியும்வரை சிறையில் இருந்தவர். உழைக்கும் பெண்ணுக்கு நேரம் மிச்சமாக வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆனால் அதை வடிவமைக்கும் வரையில் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். குடிவந்தவர்களுக்கோ குறைகள் இருந்தன. அடுக்களையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அங்கே மேசை போட இடமில்லை. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யவும் முடியாது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அம்மாவின் அடுக்களைக்குள் போனேன்.

முதல் இரண்டு நாள் வழியை மட்டும் பார்த்தேன். அது சரியாகத்தான் நடந்தது. மொத்த வீட்டையும் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வாக்கரை நானே பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து புறவாசல் வரை நடந்தேன். அது முட்டிய பொருளை மட்டும் எடுத்தேன். பதினாறு பொருள். அன்றைய வேலை அவ்வளவுதான். அடுத்த நாள் தரைவிரிப்பு, மிதியடி, மின்கம்பி. அங்கணத்து விளிம்பில் ஒரு கைப்பிடி.

மூன்றாம் நாள் அடுக்களை. மேல்தட்டிலிருந்த கனமான பாத்திரங்களைக் கீழே இறக்கினேன். தினம் எடுப்பதை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்தேன். ஒரே அளவு டப்பாக்களில் பருப்புகளை மாற்றினேன். பதினெட்டுக் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களைச் சாக்கில் கட்டினேன். புகைப்படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

அம்மா வந்தாள். வாக்கரைப் பிடித்தபடி அடுக்களை நிலையில் நின்றாள். கண் பழைய இடங்களைத் தேடியது. பெருங்காயம் எங்கே என்று கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டாள் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. "நல்லாத்தான் இருக்குட்டி. யாரு வீடுன்னுதான் தெரியல" என்றாள்.

சமைக்காமல் சமையலறை வரைந்தவர்களைப் பற்றிப் பத்து வருடம் பாடம் நடத்தியவள் நான். அந்த அடுக்களையில் சமைக்கிறவளைக் கேட்காமல் அதை மாற்றி வைத்தவளும் நானே. வயதான பெண்ணுக்கு, அதுவும் நடக்கச் சிரமப்படுகிற நேரத்தில், கை தானாகப் போகிற இடம்தான் மிச்சமிருக்கும் சுதந்திரம். அதை நான் ஒரே பகலில் எடுத்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். "நீ சொல்லும்மா, நான் வைக்கேன்." ஒரு நாளைக்கு ஒரு தட்டு. அரை மணி நேரம். அதற்கு மேல் போனால் அவளுக்குக் கால் வீங்கும், எனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்டினேன். அவள் காரணம் சொன்னாள். புளிப்பானை கீழே மூலையில் இருந்தது, அங்கேதான் சுவர் ஓதம் இல்லை என்பதால். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் குப்பை இல்லை. கோடையில் வடகமும் மோர்மிளகாயும் போட்டு அக்கம்பக்கத்துக்கும் அண்ணன் வீட்டுக்கும் கொடுத்தனுப்பும் பாத்திரங்கள். கொடுத்தால் திரும்பி வராத பாத்திரம் காலி பாட்டில் மட்டும்தான். பதினெட்டில் பத்தை வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஓடாத கிரைண்டரை, நான் எதிர்பார்க்கவே இல்லை, அவளே போடச் சொன்னாள். "அது உங்கப்பா வச்சிருக்காரு. நான் எப்பவோ சொல்லிட்டேன்."

அஞ்சறைப் பெட்டியை மட்டும் தொடவில்லை. அஞ்சறை என்று பேர். எங்கள் வீட்டுப் பெட்டியில் ஏழு கிண்ணம். தாளிக்கத் தேவையானது அத்தனையும் ஒரே மூடிக்குள், ஒரே கைவீச்சில். பீச்சரின் கப்பலும் ஃபிராங்க்ஃபர்ட்டின் ரயில்பெட்டியும் சொன்னதை, பெயர் தெரியாத பெண்கள் ஒரு பெட்டிக்குள் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய வீடுகளில் பரணும் உறியும் அடுக்குப்பானையும் குலுக்கையும் அப்படித்தான். எலிக்கு எட்டாதது, ஈரம் ஏறாதது, வெள்ளாமை வரும்போது நிறைந்து அடுத்த வெள்ளாமைக்குள் காலியாவது என்று ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு இருந்தது. இன்றைய வீட்டில் உள்ளே வருவதற்குக் காலம் கிடையாது. வெளியே போவதற்கும் நாள் கிடையாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாச் சாமானையும் வெளியே எடுத்துப் போடுவது ஒன்றுதான் இருந்தது. அதுவும் பெண்களின் முதுகில் ஏறிய ஒரு வாரம்.

இன்னொன்றை அந்த நாட்களில் எண்ணிப் பார்த்தேன். அம்மாவிடம் யாராவது ‘எங்கே இருக்கு’ என்று கேட்கும்போதெல்லாம் நாட்காட்டித் தாளின் பின்னால் ஒரு கோடு போட்டேன். கண்ணாடி எங்கே, நகவெட்டி எங்கே, மின்கட்டண அட்டை எங்கே. பெங்களூரிலிருந்து அண்ணன் போன் பண்ணி, "அம்மா, என் பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட் எங்க?" ஒரே நாளில் பதினேழு கோடு. படுத்துக்கொண்டே பதினேழுக்கும் பதில் சொன்னாள். இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். பெண்களில் 81 விழுக்காட்டினர் அந்த வேலையைச் செய்கிறார்கள், ஆண்களில் 26 விழுக்காட்டினர். ஆனால் வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் இருக்கும் இடத்தை நினைவில் சுமப்பதை எந்த நிமிடக் கணக்கில் சேர்ப்பது?

கருவிகள் வந்தால் வேலை குறையும் என்ற நம்பிக்கையும் கணக்கில் நிற்கவில்லை. ஜோன் வானெக் 1974இல் வெளியிட்ட ஆய்வு, வெளியே வேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண்கள் 1924இல் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள், 1960களில் 55 மணி நேரம் செய்தார்கள் என்று காட்டியது. துவைக்கும் இயந்திரம் வந்ததும் தினமும் துவைக்க வேண்டும் என்றானது. ஏன் என்பதை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். நம் நாட்டில் 1932இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரியும், 1957இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டன. அவை எத்தனையோ பெண்களைப் படிக்க வைத்தன, வேலைக்கு அனுப்பின. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் படித்த பெண்கள் பள்ளியில் மனையியல் பிரிவு இருந்தது, அண்ணன் படித்த ஆண்கள் பள்ளியில் இல்லை. ‘எங்கே இருக்கு’ என்று கேட்பவர்கள் அப்படித்தான் உருவானார்கள்.

எனவே கடைசி மூன்று நாளில் ஒன்று செய்தேன். வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். அம்மாவுக்காக இல்லை, அவளுக்குத் தேவையில்லை. அப்பாவுக்காக. வீட்டுக் காகிதங்களை ஒரே பெட்டியில் உறைகளாகப் பிரித்து வைத்தேன். மின்சாரம், வீட்டு வரி, மருத்துவம், பத்திரம். பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும் இருந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கணவன் சம்பாதித்துச் சொத்து வாங்குவதில் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மனைவியின் உழைப்புக்கும் சமபங்கு உண்டு என்று சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவள் உறையை வாங்கி, மூடி, ‘பத்திரம்’ என்று நான் எழுதியதைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எல்லாத்துலயும் எழுதி ஒட்டிட்டா, அப்புறம் நான் எதுக்குட்டி?"

இந்தக் கேள்விக்கு எந்த நூலிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நாற்பது வருடமாக அந்த வீட்டில் அம்மாவுக்கு இருந்த அதிகாரம், இருக்குமிடம் தெரிந்தவள் என்பது ஒன்றுதான். அது சுமை என்று எனக்குத் தெரிகிறது. அதுவே அவளுடைய மரியாதை என்பதும் தெரிகிறது. சுமையை இறக்கினால் மரியாதையும் சேர்ந்து இறங்கிவிடுமோ என்று அவள் பயப்படுகிறாள். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீ இல்லாட்டி வீடு நடக்காதுங்கிறது பெருமை இல்லம்மா. உன்ன எங்கயும் போகவிடாத கயிறு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மாணவியர் என்னிடம் கேட்பதுண்டு: விடுதி அறையோ, கல்யாணமான வீடோ, அடைசலை எங்கிருந்து தொடங்குவது? எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நடக்கும் வழியிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு தட்டு, அரை மணி நேரம். முடியாத நாளில் விட்டுவிடுங்கள். அடுத்தவர் அடுக்களையில் அவரைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். பிறர் தேடும் பொருளுக்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள். கேட்டால் எடுத்துக் கொடுக்காதீர்கள், இடத்தைக் காட்டுங்கள். உங்கள் பெயரில் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் புத்தகத்துக்கு ஒரு தட்டு முதலில் ஒதுக்குங்கள், மிச்சமிருக்கும் இடத்தில் என்று விடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து அம்மா தென்காசியில் சித்தி வீட்டுக்குப் போனாள். மூன்று இரவு. எனக்கு நினைவு தெரிந்து அவள் தனியாக மூன்று இரவு வெளியே தங்கியது அதுதான் முதல் முறை. இரண்டாம் நாள் நானும் அங்கே போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து போன். ரசம் வைக்கிறாராம். பெருங்காயம் எங்கே என்று கேட்டார்.

"பேரு எழுதி ஒட்டிருக்கு, பாருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். பிறகு சித்தியிடம் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.